ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஜப்பானில் எதைக் காட்டுவது, எதை விடுவது?

அரசலாற்றங்கரை | 2024 ஜனவரி 13

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் எதோகாவா வட்டத்து நிஷிகாசாயில் ஒன்பது ஆண்டுகளாகக் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளும் நாங்கள்தான் விடுமுறைக்குக் கும்பகோணம் போய்வந்தோமே தவிர, என் பெற்றோர் ஒருமுறைகூட இங்கு வந்ததில்லை. வரும் ஏப்ரலில் மகள் முதல் வகுப்பில் சேர்கிறாள்; அதைக் காரணமாக வைத்து ஒருவழியாக இருவரையும் சம்மதிக்க வைத்துவிட்டோம். மார்ச் 14 முதல் ஏப்ரல் 26 வரை, ஏறத்தாழ ஆறு வாரங்கள், எங்களோடு இருப்பார்கள்.

விசாவுக்கான அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், வருமானச் சான்று, வட்ட அலுவலகத்தில் வாங்கிய ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்று எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தோடு இருக்கிறது, அவருடைய கடவுச்சீட்டிலோ அந்த ஓர் எழுத்து விரிந்து தாத்தாவின் முழுப்பெயராக நிற்கிறது. ஆகவே இருவரும் ஒருவரே என்று விளக்கி ஒரு கடிதமும் சேர்க்க வேண்டியதாயிற்று. பெற்றோரை அழைக்க எண்ணும் தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தத் தலைப்பெழுத்துச் சிக்கலை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு 74 வயது. இடது முழங்கால் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் பத்தாவது படியில் நின்றுவிடுவார். அம்மாவுக்கு 69, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முட்டைகூடச் சாப்பிடாத சைவம். என் கணவரோ ஃபுஜி, ஹகோனே, நிக்கோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என்று இருபத்தோரு இடங்களுக்கு ஒரு கணினி அட்டவணை தயாரித்து, நேரம் வாரியாக வண்ணமும் தீட்டி வைத்திருக்கிறார். "அவர்கள் இன்னொரு முறை வர வாய்ப்பில்லை, அதனால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும்" என்பது அவருடைய வாதம். எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. பெற்றோரை அழைத்துச் சுற்றிக்காட்டிய அனுபவம் உள்ளவர்கள், எதைக் குறைப்பது என்று சொல்லுங்கள்.

சரக்கு ரயில் | 2024 ஜனவரி 13

சகோதரி, மற்றதைப் பிறகு பேசுவோம். முதலில் ரயில் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறுவது அங்கேதான். உங்கள் கணவரின் அட்டவணையில் ஜப்பான் ரயில் பாஸ் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பாஸ் குறுகியகால வருகையாளர் முத்திரையோடு நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் பெற்றோர் வாங்கலாம். வசிப்புரிமை அட்டையோடு இங்கு வாழும் நீங்களும் பிள்ளைகளும் வாங்க முடியாது. மேலும் 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரணப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர ஷிங்கான்சென்னில் ஏறத்தாழ 28,000 யென்தான் ஆகும். ஹிரோஷிமா வரை போய்வந்தாலும் 50,000-ஐ எட்டாது. பாஸ் வைத்திருப்பவர்கள் நொசோமி என்ற அதிவேக வண்டியில் ஏறத் தனிக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆகையால் எல்லோரும் ஒரே மாதிரிச் சீட்டு வாங்கி, ஒரே வண்டியில், ஒரே வரிசையில் உட்கார்ந்து போங்கள். ஆறு வயது நிரம்பாத குழந்தை தனி இருக்கை கேட்காவிட்டால் சீட்டே தேவையில்லை; ஆறு முதல் பதினொன்று வரை அரைச்சீட்டு.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பக்க அளவையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளை தோக்கைதோ ஷிங்கான்சென்னில் கொண்டுபோக அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். முழங்கால் வலிக்காரரோடு பெட்டியையும் இழுத்துக்கொண்டு போவதைவிட, முதல் நாளே தக்யூபின் என்ற கூரியரில் விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு போவது மேல்.

யோகோஹாமா மாமி | 2024 ஜனவரி 14

உங்கள் அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். என் மாமியார் இரண்டு முறை வந்து தங்கிப் போனவர். அவர் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத நாள்கள் உண்டு.

"நிகு சாப்பிடமாட்டோம்" என்று மட்டும் சொன்னால், இறைச்சி இல்லாமல் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதையும் சொன்னால் காய்கறி மட்டும் வரும், ஆனால் அந்தக் காய் வெந்தது கட்சுஓ மீன் சீவலில் எடுத்த தாஷி சாற்றில்தான். மிசோ சூப், சோபா, உதோன், முட்டை, வேகவைத்த பூசணி எல்லாவற்றிலும் அந்தச் சாறு ஒளிந்திருக்கும். ஆகவே நிகு (இறைச்சி), சகானா (மீன்), தாஷி என்ற மூன்று சொற்களையும் ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, இவை மூன்றும் கூடாது என்று குறித்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். வாய்விட்டுச் சொல்வதைவிட எழுத்துக்கு இங்கு மதிப்பு அதிகம். பணிப்பெண் அதை உள்ளே எடுத்துப்போய்ச் சமையற்காரரிடம் காட்டி, முடியும் அல்லது முடியாது என்று உண்மையைச் சொல்லிவிடுவார்.

மனநிறைவோடு சாப்பிட வைக்க வேண்டுமென்றால் பௌத்த மடங்களின் ஷோஜின் ரியோரியைத் தேடிப் போங்கள். அதில் சாறுகூடக் கொம்பு கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் எடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டு இல்லை. என் மாமியார் முதல் வாய் எடுத்துவிட்டு, "இது நம் விரதச் சமையல் அல்லவா" என்றார். கியோட்டோவில் நான்சென்ஜி கோயில் பக்கம் கிடைக்கும் யூதோஃபு என்ற சூடான சோயாக் கட்டியும் நல்லதுதான். அது கொம்புச் சாற்றில் கொதித்தாலும், தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில் மீன் இருக்கக்கூடும். வெறும் சோயா கேட்டு வாங்குங்கள். டோக்கியோ நிலையத்தின் உள்ளேயே தீஸ் தான்தான் என்ற கடையில் முழுச் சைவ ராமென் கிடைக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காத ஊர்களில் தயிர்சாதம்தான் துணை. சாதாரண ஜப்பானிய அரிசி குழைந்து ஒட்டுவதால், நம் பொன்னி அரிசியைவிடத் தயிர்சாதத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் துணிந்த முடிவு. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஊரிலிருந்து பொடி, வடகம், ஊறுகாய் கொண்டுவரட்டும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், வாழைக்காய் போன்றவை வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் தாவரப் பரிசோதனை கடுமையானது. பறித்துக்கொண்டு விடுவதோடு முடியாமல் போகலாம். நீங்கள் இருப்பது இந்தியர்கள் நிறைய வாழும் நிஷிகாசாய் என்பதால் கடை பற்றிக் கவலை இல்லை.

ஒசாகாவாசி | 2024 ஜனவரி 14

எல்லோரும் குறைக்கச் சொல்வார்கள் என்பதால் நான் ஒரு வழக்கை முன்வைக்கிறேன்: கியோட்டோவையும் நாராவையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஜப்பான் வந்து நாராவைப் பார்க்காமல் திரும்புவது, ஜப்பானியர் ஒருவர் தஞ்சை வந்து பெரிய கோயிலைப் பார்க்காமல் திரும்புவதற்கு நிகர்.

நாராவின் தோதைஜி கோயிலில் உள்ள பெரிய புத்தருக்கு 752-ஆம் ஆண்டில் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் கயிறுகள் கட்டி, அவற்றைப் பேரரசரும் கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள்; அந்தத் தூரிகை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. சிலை முடிந்த பிறகு கடைசியாகக் கண் திறக்கும் வழக்கத்தைச் சுவாமிமலைப் பட்டறைகளில் பார்த்து வளர்ந்தவருக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை.

கியோட்டோவில் கியோமிசு கோயிலின் ஏற்றத்தையும், ஃபுஷிமி இனாரியின் மலைப்பாதையையும் தாராளமாக விட்டுவிடுங்கள். இனாரியில் அடிவாரத்துச் சிவப்புத் தோரணங்கள் வரை போனாலே போதும், 233 மீட்டர் உச்சிக்கு ஏறி என்ன செய்யப் போகிறோம். அதற்குப் பதிலாக சஞ்சூசங்கென்தோவுக்கு அழைத்துப் போங்கள். 1266-இல் மீண்டும் கட்டப்பட்ட, ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள மர மண்டபம், ஒரே தளம். உள்ளே 1,001 கன்னான் சிலைகள், அதாவது நம் அவலோகிதேசுவரர். அவற்றுக்கு முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. கருடன், இந்திரன், பிரமன், மெலிந்த முதியவராக நிற்கும் வசு முனிவர் என்று உங்கள் அப்பாவே ஒவ்வொருவராக அடையாளம் சொல்லிக்கொண்டு போவார். படம் எடுக்க அனுமதி இல்லை என்பதும் ஒரு வசதி. பிள்ளைகள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுத் தாத்தாவைக் கேட்பார்கள்.

நகரப் பேருந்துகள் வழிந்து ஓடும். பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டு விற்பதையும் 2023-இல் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் ஆறு பேர் என்பதால் இரண்டு டாக்சிகள் ஆகும்; அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

ஸ்ரீரங்கம் தாத்தா | 2024 ஜனவரி 15

நான் இந்த இழையில் மறுபக்கத்து ஆள். சுற்றிக்காட்டியவன் அல்லன், சுற்றிக்காட்டப்பட்டவன். 2017-இல் ஒருமுறையும் சென்ற ஆண்டு ஒருமுறையும் கவாசாகியில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்து தங்கினேன்.

முதல் பயணத்தில் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள்களில் பதினெட்டு இடங்களைக் காட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் எனக்கு எஞ்சியிருப்பவை நிலையங்களின் படிக்கட்டுகளும் கழிவறைகளும்தான். (கழிவறைகளைப் பழித்துச் சொல்லவில்லை. வெந்நீர் பீய்ச்சிக் கழுவிவிடும் அந்த இருக்கையை வாஷ்லெட் என்ற பெயரில் 1980 முதல் விற்றுவருகிறார்களாம். தண்ணீர் இல்லாத வெளிநாட்டுக் கழிவறைகளை எண்ணி அஞ்சி வரும் நம் வயதுக்காரர்களுக்கு ஜப்பான் தரும் முதல் ஆறுதல் அதுவே.) நிக்கோவில், ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட இயேயாசுவின் சமாதிக்கு ஏறும் 207 படிகளின் கீழே நான் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன், மற்றவர்கள் மேலே போய்வந்தார்கள். வந்தவுடன் எனக்காகக் கைபேசியில் படம் காட்டினார்கள். படம் பார்ப்பதற்கு நான் ஸ்ரீரங்கத்திலேயே இருந்திருக்கலாம்.

இரண்டாம் முறை வருவதற்கு முன்பே, ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் வீடு என்று மகனிடம் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அந்த வீட்டு நாள்களில்தான் எனக்கு இந்த நாடு தென்பட்டது. பக்கத்துப் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு வானொலியைச் சத்தமாக வைத்துக் கிழவர்களும் கிழவிகளும் உடற்பயிற்சி செய்வார்கள். 1928-இல் தொடங்கிய வழக்கமாம். மூன்றாம் நாள் ஓரமாக நின்றேன், நான்காம் நாள் வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு சொல் புரியாது; ஆனால் கையை எப்போது தூக்க வேண்டும் என்பதற்கு மொழி எதற்கு? ஒரு மாதம் கழித்து நான் ஊர் திரும்பும் நாளில் அவர்களில் ஒருவர் தம் வீட்டு மரத்தில் காய்த்த காக்கி என்ற பழத்தைப் பை நிறையக் கொடுத்தார். தக்காளி போல இருக்கும்.

வெளியே போகும் நாளுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். எந்தச் சுற்றுலா அட்டவணையிலும் முதலிடத்தில் வராது. ஒன்று, டோக்கியோவின் சுகாமோ. முதியவர்களின் கடைத்தெரு அது. சமதரை, உட்கார இடம், பேரம் பேசாத ஆனால் பேச்சுக் கொடுக்கும் கடைக்காரர்கள். அங்குள்ள கோகன்ஜி கோயிலில் ஒரு சிறிய கன்னான் சிலை உண்டு. நமக்கு உடம்பில் எங்கே வலிக்கிறதோ, சிலையில் அந்த இடத்தை நீரூற்றித் துணியால் துடைக்க வேண்டும். என் மனைவி இடுப்பைத் துடைத்தார், நான் முழங்காலை. வலி போயிற்றா என்று கேட்காதீர்கள். வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற அத்தனை பேரும் முழங்காலைத்தான் துடைத்தார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. 4, 14, 24 தேதிகளில் திருவிழாக் கடைகள் போடுவார்கள்.

இன்னொன்று, சுகினாமி வட்டத்தில் ரென்கோஜி என்ற சிறு கோயில். நேதாஜியின் அஸ்தி என்று நம்பப்படுவது அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. வாசலில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. என் பெரியப்பா மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். நான் அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது பத்து வயதுப் பேரன், "இவர் யார் தாத்தா?" என்று கேட்டான். அன்று இரவு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக, மகளே, ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போனபின், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அந்த வீட்டில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சாவியும், ஜப்பானிய எழுத்தில் முகவரி அட்டையும், பணம் ஏற்றிய பயண அட்டையும், செய்வதற்கு ஒரு வேலையும் கொடுங்கள். எனக்குக் கிடைத்த வேலை, பள்ளி முடிந்தபின் பேரன் இருக்கும் காப்பகத்திலிருந்து அவனை அழைத்து வருவது. அழைக்க வருபவர் இன்னார் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

வெண்தாமரை | 2024 ஜனவரி 15

உங்கள் அம்மா ஆறு வாரம் தங்குகிறார், இன்சுலின் போடுகிறார் என்று எழுதியிருப்பதால் இதை உடனே சொல்கிறேன். மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளை ஒரு மாத அளவுக்குத்தான் தனி அனுமதியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் யுன்யூ ககுனின்ஷோ என்ற இறக்குமதி உறுதிச் சான்றைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். ஊரில் சளிக்கும் இருமலுக்கும் சாதாரணமாக வாங்கும் மருந்துகளில் சூடோஎஃபெட்ரின், கோடீன் இருக்கலாம். சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் இங்கே தடை. "எதற்கும் இருக்கட்டும்" என்று பெட்டியில் போடும் பாட்டில்களை நீங்களே காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். என் மாமனார் வந்திருந்தபோது மயங்கி விழுந்து மூன்று இரவு மருத்துவமனையில் இருந்தார். நம் சுகாதாரக் காப்பீடு வருகையாளர்களுக்குச் செல்லாது என்பதால் முழுத் தொகையும் எங்கள் கையிலிருந்து போயிற்று. நாங்கள் எடுத்திருந்த மலிவான காப்பீடு, ஏற்கெனவே இருந்த இரத்த அழுத்தத்தைக் காட்டிக் கைவிரித்தது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவசர ஊர்திக்கு 119. அதற்குக் கட்டணம் இல்லை. போவதா வேண்டாமா என்று ஐயமாக இருந்தால் டோக்கியோவில் #7119-ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஹகோனே போவதானால் ஓவாகுதானியில் எரிமலை வாயு வரும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கே விற்கும் கறுப்பு முட்டை ஆயுளை ஏழு ஆண்டு கூட்டும் என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அதுவும் பயன்படாது.

அரசலாற்றங்கரை | 2024 ஜனவரி 18

எல்லோருக்கும் நன்றி. தாத்தா எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். 207 படிகளின் கீழே உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் அவராகவே அட்டவணையைத் திறந்து நிக்கோவை அழித்துவிட்டார். ஹிரோஷிமாவும் போயிற்று. ஷோஜின் ரியோரிக்கு ஓர் இடம் பிடித்தாயிற்று.

இரண்டு சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன. சக்கர நாற்காலி என்ற சொல்லைத் தொலைபேசியில் சொன்னதுமே அப்பா, "நான் என்ன நோயாளியா?" என்று பேச்சை முறித்துவிட்டார். அடுத்து, பள்ளிச் சேர்க்கை விழாவுக்குக் குடும்பத்துக்கு இரண்டு பெரியவர்கள் மட்டுமே என்று பள்ளியிலிருந்து தாள் வந்திருக்கிறது. அந்த விழாவைக் காட்டத்தான் அவர்களை அழைத்தோம்.

ஒசாகாவாசி | 2024 ஜனவரி 18

தாத்தாவை மதிக்கிறேன்; ஆனால் பூங்காவும் கடைத்தெருவும் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். அவர் இரண்டாம் முறை வந்தவர். அதற்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்து அலுத்தவர். முதன்முறை வருகிறவருக்கு, ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள ஃபுஜி மலை ஒன்றாவது வேண்டாமா?

ஸ்ரீரங்கம் தாத்தா | 2024 ஜனவரி 19

வேண்டும் ஐயா, மறுக்கவில்லை. ஊரில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஆனால் ஃபுஜி தன் விருப்பப்படி முகம் காட்டும் மலை; தேதி குறித்துச் சீட்டு வாங்கியவர்களுக்கு மேகத்தைத்தான் காட்டும். வானம் தெளிந்த காலையில், அன்றைக்கே முடிவு செய்து புறப்படுங்கள். அல்லது ஷின்ஜுகுவில் மாநகர அரசு அலுவலகத்தின் 45-ஆம் மாடிக்குப் போங்கள்; 202 மீட்டர் உயரம், இலவசம், மின்தூக்கி உண்டு. தெளிந்த நாளில் அங்கிருந்தே தெரியும்.

சக்கர நாற்காலியைப் பொறுத்தவரை, அவரிடம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். பேசப் பேச அது தோல்வியாக மாறும்.

சரக்கு ரயில் | 2024 ஜனவரி 19

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பல வட்டங்களில் சமூகநல மன்றங்கள் சக்கர நாற்காலியைக் குறுகிய காலத்துக்கு இரவல் தருகின்றன. ஒன்றை வாங்கி மடித்துக் கையோடு கொண்டுபோய், பைகளையும் இளைய பிள்ளையையும் அதில் வைத்துத் தள்ளுங்கள். என் தந்தையும் இப்படித்தான் முதலில் தள்ளுகிறவராகத் தொடங்கினார். நடக்கும்போது பிடித்துக்கொள்ள அது வாட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு நீண்ட நடைமேடையில், "குழந்தை தூங்கவில்லையே, நான் சற்று உட்காரட்டுமா" என்று அவரே கேட்டார். ரயிலில் ஏறும்போது நிலைய ஊழியர் சாய்வுப் பலகை போட்டு ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார். அங்கே இன்னொருவர் பலகையோடு காத்திருப்பார். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு கோயில் மாதிரி சரளைக்கல் பாதைகளில் மட்டும் தள்ளுவது கடினம்.

அரசலாற்றங்கரை | 2024 ஏப்ரல் 29

மூன்று நாள்களுக்கு முன் பெற்றோரை நரிதாவில் வழியனுப்பினோம். கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

கியோட்டோ, நாரா பயணத்தை மார்ச் 27 முதல் 29 வரை வைத்திருந்தோம், சகுராவைக் கணக்கிட்டுத்தான். இந்த ஆண்டு பூப்பது தள்ளிப்போய், போன இடமெல்லாம் மொட்டு. கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பா, "பூவைப் பார்க்கவா வந்தேன்?" என்று சொல்லிவிட்டு சஞ்சூசங்கென்தோவில் ஒன்றரை மணி நேரம் இருந்தார். ஒசாகாவாசி சொன்னபடியே வசு முனிவரிடம் நின்றுவிட்டார். எலும்பும் தோலுமாக நிற்கும் அந்தக் கிழவரைப் பார்த்துவிட்டு, "காரைக்கால் அம்மையாருக்கு அண்ணன் போல இருக்கிறார்" என்றார். நாராவில் பெரிய புத்தரைவிட அம்மாவுக்கு மான்கள் பிடித்தன, தலையாட்டிப் பிஸ்கட் கேட்ட மானுக்கு அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டார்.

எதிர்பாராமல் எல்லாவற்றையும் மிஞ்சியது காமாகுரா. நாங்கள் அதை அரைநாள் பயணமாக, கிட்டத்தட்ட ஒப்புக்குத்தான் வைத்திருந்தோம். திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும் அந்த வெண்கல புத்தரின் எடை 121 டன். 50 யென் கொடுத்தால் சிலையின் வயிற்றுக்குள்ளேயே போகலாம். உள்ளே ஏறும் படி குறுகலானது என்று நான் தடுக்கத் தடுக்க அப்பா என் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். உள்ளே சுவரில் அடுக்கடுக்காக வார்த்துச் சேர்த்த பொருத்துக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. அப்பா வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் சிறு வயதில் விடுமுறைதோறும் சுவாமிமலையில் அத்தை வீட்டில் தங்கி, மெழுகுவார்ப்புப் பட்டறை வாசலிலேயே பொழுதைக் கழித்தவர் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். கரு எப்படிக் கட்டுவார்கள், உலோகம் எந்த வழியாக இறங்கும், ஒரே வார்ப்பில் முடியாததை ஏன் படிப்படியாக வார்க்க வேண்டும் என்று எட்டு வயதுப் பேரனுக்கு அந்த இருட்டில் விளக்கிக்கொண்டிருந்தார். அருகில் நின்ற ஜப்பானிய முதியவர் ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்க, மகன் மொழிபெயர்த்தான். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருவதாலோ என்னவோ, தாத்தா சொல்லச் சொல்ல வார்த்தையை வரிசை மாற்றாமல் ஒப்பித்துக்கொண்டே போனான். தமிழில் பதில் சொல்ல அலுத்துக்கொள்ளும் பிள்ளை அவன்.

சக்கர நாற்காலி சரக்கு ரயில் எழுதியபடியே நடந்தது. மூன்றாம் நாளுக்குப் பதிலாக ஐந்தாம் நாள். ஹகோனேயில் ஓவாகுதானியை விட்டுவிட்டு, திறந்தவெளிச் சிற்பக் காட்சியகத்தில் உள்ள வெந்நீர்க் கால்தொட்டியில் இருவரும் முக்கால் மணி நேரம் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொதுக் குளியலறைக்கு ஆடையின்றிப் போக வேண்டும் என்று கேட்டு அஞ்சியிருந்த அம்மாவுக்கு அதுவே நிறைவாகிவிட்டது. ஃபுஜி இரண்டு முறை மறைத்துக்கொண்டது. மூன்றாம் முறை ஷின்ஜுகு மாடியிலிருந்து பத்து நிமிடம் தெரிந்தது. சுகாமோவுக்கு 24-ஆம் தேதி, ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது போனோம். முழங்காலைத் துடைக்க வரிசை நீண்டிருந்தது.

சறுக்கல்களும் உண்டு. இரண்டாம் வாரத்தில் நாங்கள் இருவரும் தொடர்ந்து வேலையில் சிக்கிக்கொள்ள, அம்மா நான்கு நாள் வெளியே வராமல் அழுதிருக்கிறார். அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் மகனைக் காப்பகத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு கியோசென் பூங்காவில் உள்ள இலவச விலங்குக் காட்சிசாலை தினசரி நடையாயிற்று.

சேர்க்கை விழா ஏப்ரல் 8-இல் நடந்தது. மகளின் ரந்தோசெரு என்ற பள்ளிப் பையை அப்பாதான் வாங்கித் தந்தார். இங்கே தாத்தா பாட்டி வாங்கித் தருவதுதான் வழக்கம் என்று போன ஆண்டே யாரோ சொல்லக் கேட்டு, ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்து அனுப்பியிருந்தார். 50,000 யென்னுக்கு மேல் என்று நான் அவரிடம் ரூபாயில் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் ஒன்றைக் கணவர் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்தார். கறுப்பு உடைகளுக்கு நடுவில் அம்மா அரக்குப் பட்டுப்புடவையில் மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் புரியாமல், எல்லோரும் எழுந்தபோது எழுந்து, வணங்கியபோது வணங்கினார். அப்பாவும் கணவரும் மகனும் வாசலில், விழாப் பலகையோடு படமெடுக்க நிற்கும் வரிசையில் எங்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் வெளியே வந்தபோது, கியோட்டோவில் எங்களை ஏமாற்றிய சகுரா தள்ளிப்போன அந்தச் சில நாள்களினால் பள்ளி வாசலில் இன்னும் உதிராமல் இருந்தது. வரிசையில் எங்கள் முறை வர இன்னும் ஏழு குடும்பங்கள் இருந்தன. அப்பா மடித்த சக்கர நாற்காலியை விரித்து, அதில் பேத்தியின் பையை வைத்துவிட்டு, தாம் நின்றுகொண்டிருந்தார்.